பயிர்ச் சேத நிவாரணம்: வயலில் தண்ணீர் ஏறும் முன்பிருந்து கணக்கில் பணம் ஏறும் வரை

வெள்ளத்தில் போன பயிருக்கு அரசு தரும் பணத்தைக் கேட்டு வாங்குவதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் கிடையாது. விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) வேளாண் அலுவலரும் வயலுக்கு வந்து எழுதும் கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் பெயர், புல எண் (சர்வே எண்), பரப்பு, வங்கிக் கணக்கு நான்கும் சரியாக ஏறியிருந்தால் பணம் வரும். ஒன்று பிசகினாலும் நிற்கும். பணம் வராதவர்களின் கதைகளை விசாரித்துப் பார்த்தால், பயிர் சேதமாகவில்லை என்று மறுக்கப்பட்டவர்களைவிட, தாளில் ஏதோ ஒன்று பொருந்தாமல் விடுபட்டவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி, மழைக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது. தமிழ்நாட்டு நடைமுறையை, குறிப்பாக நெல் சாகுபடியை மனதில் வைத்து எழுதியது.

எந்தப் பணம், எவ்வளவு

நிவாரணம் என்று பொதுவாகச் சொல்வது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து தரப்படும் இடுபொருள் மானியத்தை. இந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. இது பயிரின் விலைக்கு ஈடு அல்ல. மறுபடி விதைத்து உரம் போட ஒரு கை கொடுப்பது, அவ்வளவுதான். பயிர்க் காப்பீடு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பருவத்தில் பெறலாம். ஒன்றை வாங்கினால் மற்றது கிடைக்காது என்று யாராவது சொன்னால் அது தவறு.

2022-23 முதல் 2025-26 வரையிலான விதிமுறைப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பயிருக்கு ஹெக்டேருக்குக் கிடைப்பது:

நெல் உள்ளிட்ட இறவைப் (பாசன வசதியுள்ள) பயிர்: 17,000 ரூபாய்
மானாவாரிப் (மழையை மட்டும் நம்பிய) பயிர்: 8,500 ரூபாய்
பல்லாண்டுப் பயிர், மரங்கள்: 22,500 ரூபாய்

ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான் உச்சவரம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கும் தமிழ்நாடு அரசு அறிவித்தது இதே தொகைகளைத்தான்.

ஆனால் தொகை எப்போதும் இதுவேதான் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டிக் கொடுப்பது உண்டு. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு நெல்லுக்கு ஹெக்டேருக்கு அப்போதிருந்த 13,500 ரூபாயை 20,000 ஆக்கினார்கள். 2021 நவம்பர் மழையில் அறுவடைக்கு நின்ற குறுவைக்கு 20,000 ரூபாய் என்றும், இளம் சம்பாப் பயிருக்குப் பணத்துக்குப் பதில் 6,038 ரூபாய் மதிப்புள்ள இடுபொருட்கள் என்றும் அறிவித்தார்கள். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்கும் நெல்லுக்கு 20,000 ரூபாய். ஒவ்வொரு பேரிடருக்கும் தனி அரசாணை வரும். எந்த மாவட்டம், எந்தத் தேதி மழை, எந்தப் பயிர், எவ்வளவு என்பதை அதுதான் முடிவு செய்யும். போன வருஷம் கிடைத்ததை வைத்து இந்த வருஷம் கடன் வாங்குவது ஆபத்து.

33 சதவீதம் என்ற எல்லைதான் சண்டைகளுக்கெல்லாம் மூலம். 30 சதவீதம் சேதம் என்று எழுதினால் ஒரு பைசா இல்லை. 35 சதவீதம் என்றாலும் 100 சதவீதம் என்றாலும் தொகை ஒன்றே. அதனால் வயலே முழுதும் அழுகிப் போனவர் சதவீதத்துக்காக வாதாட வேண்டியதில்லை. பரப்பு சரியாக எழுதப்படுகிறதா என்று பார்த்தால் போதும். பாதி வயல் தப்பித்தவர்தான் சதவீதத்தில் கண் வைக்க வேண்டும்.

கணக்கை முன்கூட்டியே போட்டு வையுங்கள். சிட்டாவில் (உங்கள் பெயரில் உள்ள நிலத்தைக் காட்டும் வருவாய்த் துறை ஆவணம்) பரப்பு ஹெக்டேர்-ஏர் என்று இருக்கும். 100 ஏர் ஒரு ஹெக்டேர், 40.5 ஏர் ஓர் ஏக்கர். சிட்டாவில் 0-81.00 என்று இருந்தால் அது 2 ஏக்கர். முழுதும் சேதமென்றால் 0.81 × 17,000 = 13,770 ரூபாய். ஏக்கருக்கு சுமார் 6,880. டெல்டாவில் மா கணக்கில் பேசுவோர், 33 சென்ட் கொண்ட ஒரு மாவுக்கு சுமார் 2,270 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஏக்கருக்குப் பதினேழாயிரம்’ என்று டீக்கடையில் கிளம்பும் பேச்சு, பாதிக்கும் குறைவாகப் பணம் வந்ததாகப் பலரையும் பதற வைக்கிறது.

விதைத்த உடனே: அடங்கல்

கிராமக் கணக்குகளில் எண் 2 தான் அடங்கல். ஒரு பசலி ஆண்டில், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை, எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் எவ்வளவு பரப்பில் செய்தார் என்று விஏஓ எழுதும் கணக்கு அது. சேதக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். அடங்கலில் அந்தப் புலம் ‘தரிசு’ என்று இருந்தால், கண் முன்னே நெல் அழுகிக் கிடந்தாலும் அதை எழுதக் கை தயங்கும்.

நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் விஏஓ அலுவலகத்துக்குப் போய் நடப்புப் பசலிக்கு அடங்கல் நகல் கேளுங்கள். 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி, அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். நகலில் பார்க்க வேண்டியவை: புல எண்ணும் உட்பிரிவும், பயிரின் பெயர், சாகுபடி பரப்பு, பாசன ஆதாரம், சாகுபடி செய்பவர் பெயர்.

பாசன ஆதாரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஏரிப் பாசனத்தில் இருக்கும் நிலம் மானாவாரி என்று பதிவாகியிருந்தால் 17,000க்குப் பதில் 8,500 வரும். கிணறோ போர்வெல்லோ பின்னால் போட்டவர்கள் இதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். மின் இணைப்பு அட்டையின் நகல் அதற்கு நல்ல சான்று.

2024 முதல் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பும் வந்துவிட்டது. செல்போன் செயலியோடு வயலில் நின்று படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். கணக்கெடுப்பவர் உள்ளூர்க்காரராக இல்லாவிட்டால் வரப்பு மாறி நிற்க வாய்ப்பு உண்டு. அவர்கள் வரும் நாளில் வயலில் இருப்பது நல்லது. முடியாவிட்டால் உங்கள் புலத்துக்கு என்ன பதிவாகியிருக்கிறது என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் பின்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டா யார் பெயரில்

பட்டா உங்கள் பெயரிலேயே தனியாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தாத்தா, அப்பா பெயரில் பட்டா கிடந்தால் பட்டியலில் அந்தப் பெயரே ஏறும். இறந்தவர் பெயருக்கு வங்கிக் கணக்கு இருக்காது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றுவது ஒன்றே நிரந்தரத் தீர்வு. மழை வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அவசரத்துக்கு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் மூன்றையும் விஏஓவிடம் கொடுத்து, சாகுபடி செய்பவர் என்ற முறையில் உங்கள் பெயரை எழுதக் கேட்கலாம். அண்ணன் தம்பிக்குள் ஒப்புதல் இல்லையென்றால் இங்கேயே முட்டும்.

கூட்டுப் பட்டாவில் இன்னொரு சிக்கல். நான்கு பேர் பெயரும் 2 ஏக்கரும் உள்ள பட்டாவில், யார் எந்தப் பக்கம் உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது. ஒருவர் முழுப் பரப்பையும் தன் பெயரில் எழுதச் சொல்லிவிட்டால் மற்ற மூவரின் பதிவும் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தள்ளப்படும். கணக்கெடுப்புக்கு முன்பே நால்வரும் உட்கார்ந்து, ஆளுக்கு எத்தனை ஏர் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு விஏஓவிடம் கொடுத்துவிடுவது நல்லது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டால் இந்த வேலையே இல்லை.

குத்தகைதாரரின் நிலைதான் மிக மோசம். டெல்டாவில் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களிலும் ஊரில் இல்லாத உடைமையாளர்களின் நிலங்களிலும் உழுகிறவர்கள் ஏராளம். இடுபொருள் மானியம் என்ற பெயருக்கு ஏற்ப அது செலவு செய்தவருக்குப் போக வேண்டியது. நடைமுறையில் பட்டா நகலோடு முதலில் வந்து நிற்பவருக்குப் போய்விடுகிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற குத்தகைதாரர் என்றால் அந்தப் பதிவின் நகலே வலுவான ஆவணம். வாய்மொழிக் குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு) என்றால் வேறு சான்றுகளைச் சேர்க்க வேண்டும்: அடங்கலில் சாகுபடியாளர் பெயர், கோயில் நிலமென்றால் குத்தகை கட்டிய ரசீது, உங்கள் ஆதாரைக் காட்டி விரல்ரேகை வைத்து வாங்கிய யூரியா, டிஏபிக்கான ரசீது, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன், காப்பீட்டுக் கட்டண ரசீது, முந்தைய பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உங்கள் பெயரில் நெல் போட்ட ரசீது. இதில் மூன்று கையில் இருந்தாலும் தாசில்தார் முன்னால் தைரியமாகப் பேசலாம். நில உடைமையாளரிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் நடவின்போதே வாங்கிவிடுங்கள். நிவாரணம் அறிவித்த பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

தண்ணீர் நிற்கும் நாட்கள்

மழை விட்டதும் முதல் வேலை வடிகால். அதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வேலை படம் எடுப்பது. வயலை மட்டும் எடுத்தால் எந்த வயலும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு சிலேட்டிலோ அட்டையிலோ ஊர், புல எண், உட்பிரிவு, தேதி நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி, அதைக் கையில் பிடித்தபடி, பின்னால் அசையாத அடையாளம் ஒன்று தெரியும்படி எடுங்கள்: மோட்டார் கொட்டகை, மின்கம்பம், மதகு எதுவானாலும் சரி. இடமும் நேரமும் படத்திலேயே பதியும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று கட்டமாக எடுத்து வைத்தால் போதும்: தண்ணீர் நிற்கும்போது, வடிந்த மறுநாள், ஒரு வாரம் கழித்து.

அந்த மூன்றாவது படம்தான் முக்கியம். தண்ணீர் நின்ற படத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். ‘வடிந்ததும் பயிர் தெளிந்துவிட்டது’ என்பார்கள். இளம் பயிர் உண்மையிலேயே தெளிவதும் உண்டு. தெளியாத பயிரில் தூரைப் பிடித்து இழுத்தால் வேரோடு வழுக்கிக்கொண்டு வரும், குருத்து பழுப்பாக அழுகி நாறும். பத்துப் பன்னிரண்டு தூர்களைப் பிடுங்கி வரப்பில் பரப்பி, அதையும் படம் எடுங்கள். பூக்கும் தருணத்தில் மழை பெய்திருந்தால் அன்றைக்குப் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். சேதம் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கதிர் பதராகும்போது தெரியும். கணக்கெடுப்பு அதற்குள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட வயல்காரர்கள் ‘பூ தருணத்தில் மழை, பதர் விழ வாய்ப்பு, மறு ஆய்வு வேண்டும்’ என்று உடனே ஒரு மனுக் கொடுத்து வைக்க வேண்டும். சாய்ந்த கதிரில் நெல் முளை கட்டியிருந்தால் கைநிறையக் கதிரைப் பிரித்து முளை தெரியும்படி எடுங்கள்.

மூன்றாவது வேலை தகவல் சொல்வது. விஏஓவுக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் போனில் சொல்லுங்கள்; அதையே எழுத்திலும் கொடுங்கள். வாழை, மரவள்ளி, காய்கறி, வெற்றிலை என்றால் தோட்டக்கலைத் துறை அலுவலருக்குச் சொல்ல வேண்டும். வேளாண் அலுவலரிடம் சொல்லிவிட்டோம் என்று வாழைக்காரர்கள் காத்திருந்து விடுபடுவது அடிக்கடி நடக்கிறது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. உயிருக்கு ஆபத்து, உடைப்பு போன்றவற்றுக்குத்தான் அது, என்றாலும் வாய்க்கால் உடைந்து ஊரே மூழ்கியிருந்தால் அங்கே பதிவு செய்வது பின்னால் உதவும்.

மறு நடவுக்கு அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கெடுப்புக்கு முன் உழுதுவிட்டால் சேதத்துக்குச் சாட்சி இல்லாமல் போகும். காத்திருந்தால் பட்டம் (விதைப்புக்கு ஏற்ற பருவம்) தவறும் என்பதும் உண்மை. வயலின் ஒரு மூலையில் ஒரு சிறு பாத்தி அளவு அழுகிய பயிரை அப்படியே விட்டு, உழுவதற்கு முன் உதவி வேளாண்மை அலுவலரை வரவழைத்துக் காட்டிவிட்டுப் பிறகு ஏர் பூட்டுங்கள்.

காப்பீடு செய்தவர்களுக்கு 72 மணி நேரம்

காப்பீட்டில் இரண்டு வகை இழப்பீடு உண்டு. ஊரளவில் விளைச்சல் குறைந்தால் கிடைப்பது ஒன்று. பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் சராசரியை வைத்து அது தானாகக் கணக்கிடப்படும். தனியாள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தனி வயலுக்கான இடர் இழப்பீடு மற்றொன்று. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னல் தீ போன்றவற்றுக்கும், அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தாலும் இது பொருந்தும். இதற்கு 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வங்கி, வேளாண் அலுவலகம் வழியாகவோ தெரிவித்தாக வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்கு மட்டும் ஒரு முடிச்சு இருந்தது. வயலில் தண்ணீர் தேங்குவதைத் தனி வயல் இடராகக் கருதும் விதியிலிருந்து நெல்லை 2018இல் எடுத்துவிட்டார்கள். ‘72 மணி நேரத்துக்குள் சொன்னேன், ஒன்றும் வரவில்லை’ என்று டெல்டா விவசாயிகள் பலர் புலம்பியதற்குக் காரணம் அதுதான். 2025 நவம்பரில் மத்திய அரசு இதை மாற்றி, 2026 காரீஃப் பருவத்திலிருந்து நெல் மூழ்குவதையும் மறுபடி சேர்ப்பதாக அறிவித்தது. ஆகவே 2026 காரீஃபுக்கு முந்தைய பருவங்களின் கோரிக்கைக்குப் பழைய விதி, அதற்குப் பின்னால் புதியது.

கணக்கெடுப்பு நாள்

வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து எடுப்பதால் கூட்டுக் கணக்கெடுப்பு என்பார்கள். விஏஓ, உதவி வேளாண்மை அலுவலர் இருவரும் இருப்பார்கள், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) மேற்பார்வை. தண்ணீர் வடிந்த பிறகே வருவார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான புலங்கள் பார்க்க வேண்டியிருப்பதால் உங்கள் வரப்பில் அவர்கள் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் தாளைத் தேடக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்: சிட்டா நகல், நடப்புப் பசலி அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், செல்போன் எண் எழுதிய தாள், குத்தகை என்றால் மேலே சொன்ன சான்றுகள். இரண்டு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவர்கள் கொண்டு போக.

அவர்களை வரப்பின் மேட்டுப் பக்கம் நிறுத்தாமல் தாழ்ந்த பக்கத்துக்கு அழைத்துப் போங்கள். எழுதும்போது பக்கத்தில் நின்று புல எண்ணையும் பரப்பையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 142/3அ என்பது 142/8அ ஆக மாறினால் பணம் பக்கத்து வயல்காரருக்குப் போகாது. யாருக்கும் போகாமல் நின்றுவிடும். மூன்று இடத்தில் துண்டு துண்டாக நிலம் உள்ளவர் மூன்றையும் சொல்லிவிட்டாரா என்று சரிபார்க்க வேண்டும். பக்கத்து ஊர் எல்லைக்குள் இருக்கும் துண்டு அந்த ஊர் விஏஓவின் கணக்கில் வரும். அங்கே தனியாகப் போய்ச் சொல்லாவிட்டால் அது போயிற்று.

வெளியூரில் இருப்பவர் கையெழுத்துக்கு ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள். இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் இல்லை. ‘பட்டியலில் சேர்க்க’ என்று யாராவது கைநீட்டினால் கொடுத்துப் பழக்காதீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

பட்டியல்

கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ பார்வைக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தானாக ஒட்டப்படும் ஊரும் உண்டு, கேட்டால்தான் காட்டும் ஊரும் உண்டு. உங்கள் வரியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் திருத்துவதற்கு ஏற்ற சமயம் இதுதான். பட்டியல் தாசில்தார் வழியாகக் கலெக்டர் அலுவலகம் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், நிதி ஒதுக்கி அரசாணை வந்த பிறகு ஒரு பெயரைச் சேர்ப்பது மிகக் கடினம். ஒதுக்கிய தொகை எண்ணிக்கை பார்த்து வந்தது என்பார்கள்.

வங்கிக் கணக்கு

வயலில் எல்லாம் சரியாக நடந்தும் இங்கே விழுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கமான காரணங்கள்:

கடன் கணக்கு எண்ணைக் கொடுப்பது. கூட்டுறவு சங்கத்திலும் விவசாயக் கடன் அட்டையிலும் உள்ள எண்ணைச் சிலர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் கடனில் வரவாகும், கையில் வராது. சேமிப்புக் கணக்கு எண்ணை மட்டும் கொடுங்கள்.

பழைய ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு). 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் இணைந்தன. லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ்ஸோடு சேர்ந்தது. பழைய புத்தகத்தின் நகலைக் கொடுத்தால் அதிலுள்ள குறியீடு இப்போது செல்லாது. புதுப் புத்தகம் வாங்கி நகல் எடுங்கள்.

செயல்படாத கணக்கு. இரண்டு ஆண்டு வரவு செலவு எதுவும் செய்யாவிட்டால் கணக்கு உறங்கிப் போகும். அதற்கு முன்பே நூறு ரூபாய் போட்டு எடுத்து விழிப்பில் வையுங்கள். கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்கச் சொல்லி வங்கி செய்தி அனுப்பியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

பெயர் பொருந்தாமை. பட்டாவில் ‘மு. கருப்பையா’, ஆதாரில் ‘கருப்பையா முத்து’, வங்கியில் ‘கருப்பய்யா’ என்று மூன்று விதமாக இருப்பது ஊருக்கு ஊர் சகஜம். ஆதாரையும் வங்கியையும் ஒன்றாக்குவது எளிது. அதை முதலில் செய்யுங்கள்.

ஆதார் இணைப்பில் ஒரு நுணுக்கம். வங்கியில் ஆதார் எண் கொடுத்திருப்பதும், மானியம் வரும் கணக்காக அது பதிவாகியிருப்பதும் வேறு வேறு. ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால் கடைசியாக எதைப் பதிந்தாரோ அங்கேதான் ஆதார் வழிப் பணம் போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். ‘பணம் வரவில்லை’ என்று நிற்பவர்களில் சிலருக்கு, மறந்தே போன வேறொரு கணக்கில் பணம் கிடந்திருக்கிறது.

வராவிட்டால்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பட்டியலில் பெயர் இல்லையா, இருந்தும் பணம் திரும்பிப் போனதா என்பது. இரண்டுக்கும் வழி வேறு. திரும்பிப் போனதென்றால் தாலுகா அலுவலகத்திலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ திரும்பிய பட்டியல் இருக்கும். சரியான வங்கி விவரத்தைக் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள். பெயரே இல்லையென்றால் மனு எழுத வேண்டும். மனு நீளமாக இருக்கத் தேவையில்லை:

‘மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு, வணக்கம். ____ கிராமம், புல எண் ____, பரப்பு ____ ஏரில் நான் சம்பா நெல் சாகுபடி செய்திருந்தேன். ____ தேதிகளில் பெய்த கனமழையில் பயிர் முழுவதும் மூழ்கி அழுகிவிட்டது. ____ அன்று விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் நேரில் பார்வையிட்டனர். வெளியிடப்பட்ட பட்டியலில் என் பெயர் விடுபட்டுள்ளது. அடங்கல் நகல், பட்டா நகல், தேதியிட்ட படங்கள் இணைத்துள்ளேன். ஆய்வு செய்து என் பெயரைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

சோகக் கதை, கடன் விவரம், குடும்பச் சூழ்நிலை எதையும் சேர்க்க வேண்டாம். படிப்பவருக்குத் தேவையான புல எண் அதில் ஒளிந்துபோகும். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இன்னும் பயனுள்ளது. ஏனென்றால் வேளாண்மை இணை இயக்குநர், கூட்டுறவு, வங்கி அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது. ஒரே ஊரில் பத்துப் பேர் விடுபட்டிருந்தால் பத்துப் பேரும் தனித்தனி மனுவோடு சேர்ந்து போவது நல்லது. முதலமைச்சரின் உதவி மையத்தில் 1100 என்ற எண்ணில் பதிந்தால் மனு எண் கிடைக்கும். அதை வைத்துத் தொடரலாம்.

இதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, ‘இன்ன கிராமத்தில் இன்ன மழைக்கான பயிர்ச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், எனது புல எண்ணுக்குப் பதிவான சேத சதவீதம்’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். பதிலுக்குக் கெடு 30 நாள்.

பயிரைத் தவிர

மாடு, ஆடு செத்தால் வேறு பட்டியல். 2025-26 வரையிலான அதே விதிமுறைப்படி பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000, கோழிக்கு 100. கறவை மாடு என்றால் மூன்று வரை, ஆடு முப்பது வரை. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தராமல் புதைத்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. நாற்றத்துக்குப் பயந்து அன்றைக்கே குழி தோண்டுகிறவர்கள், மருத்துவர் வர முடியாவிட்டால் காதுத் தோடு எண் தெரியும்படி படம் எடுத்து, விஏஓவையாவது அழைத்துக் காட்டிவிட்டுப் புதைக்கட்டும்.

ஆறு உடைத்து வயலில் மணல் மேவினால், மணல் மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால், அதை அகற்ற அதே விதிமுறைப்படி ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. இது பயிர் நிவாரணத்திலிருந்து தனி. ஒரு குச்சியில் அங்குலம் குறித்து மணலில் ஊன்றிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து இடத்தில் ஊன்ற வேண்டும். ஒரே இடத்து ஆழத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தென்னைக்குப் பொதுவாகப் பல்லாண்டுப் பயிர்க் கணக்குத்தான். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு மட்டும் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று மரக் கணக்கில் கொடுத்தார்கள்; ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய் வந்தது. அப்போது மரத்தை எண்ணுவதற்கு முன்பே வெட்டி விற்றவர்களுக்கு எண்ணிக்கை குறைந்தது. தோப்பு விழுந்தால், அரசாணை மரக் கணக்கா ஹெக்டேர் கணக்கா என்று தெரியும் வரை, அடிக்கட்டையையாவது தோண்டாமல் விட்டு வையுங்கள். எண்ணுகிறவர்கள் கட்டையை எண்ணிக்கொள்வார்கள்.